வீட்டுக்குள்ளே விசுவாசம்: கேள்வி பதில்

கேள்வி (களுவாஞ்சிகுடி): அண்ணன், குடும்ப செபம் தொடங்கினா மூணு நாளையில நிண்டு போகுது. பிள்ளைகளுக்கு நித்திரை, இவருக்குப் போன். என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, பெரும்பாலும் நீளம்தான் காரணம். பத்து நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தால் நித்திரை வந்துவிடும், அதனால் சோறு போடுவதற்கு முன் இருங்கள். பாட்டில் ஒரு சரணம், மாற்கு நற்செய்தியில் பத்து வசனம், பிறகு ஆளுக்கொரு நன்றி, ஆளுக்கொரு வேண்டுதல். வாசிப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். இந்த வேகத்தில் போனால் இரண்டரை மாதத்துக்குள் மாற்கு முழுவதும் முடிந்துவிடும். இன்னொன்று: வீட்டுக்காரர் குடிக்கிறவர் என்றால், "ஆண்டவரே, குடிக்கிறவங்கட மனசை மாத்தும்" என்று அவர் காதுபடச் செபிக்க வேண்டாம். அதை அவர் ஏச்சாகத்தான் கேட்பார், அடுத்த நாள் பாயில் வந்து இருக்கமாட்டார். அவருக்காகத் தனியே செபியுங்கள். எல்லாரும் இருக்கும்போது, அன்றைக்கு அவர் செய்த ஒரு நல்ல காரியத்துக்கு நன்றி சொல்லுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): ஐயா, நான் வயல் செய்யிறன். தசமபாகம் வித்த காசு முழுக்கலயா, செலவு கழிச்சா? கிழமைக் கடனும் இருக்கு. மனிசி வேணாம் எண்டு நிக்கிறா.

பதில்: தம்பி, செலவைக் கழித்துவிட்டுத்தான் என்பது என் முடிவு. உழவுக் கூலி, விதைநெல், பசளை, மருந்து, வெட்டு மெசின் கூலி எல்லாம் உங்கள் கையைத் தாண்டிப் போகிற காசு. ஒரு கணக்குப் பாருங்கள். நெல் விற்றது 4,00,000 ரூபாய், செலவு 2,70,000 என்றால் மிச்சம் 1,30,000. அதில் பத்திலொன்று 13,000. மொத்தத்தில் எடுத்தால் 40,000, அதாவது வீட்டுக்கு மிஞ்சியதில் கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கு. மனிசி மறிப்பது இந்தக் கணக்கைத்தான். அதை விசுவாசக் குறைவு என்று சொல்லிவிடாதீர்கள். புதிய ஏற்பாடு வீதம் எதையும் விதிக்கவில்லை. கட்டாயமில்லாமல் மனதில் தீர்மானித்தபடி கொடுக்கச் சொல்கிறது 2 கொரிந்தியர் 9:7. தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதைக் 'கொர்பான்' என்று காணிக்கையாக்கிக் கைவிட்டவர்களை இயேசு கண்டித்தது மாற்கு 7இல் இருக்கிறது. பிள்ளைகளின் சாப்பாட்டையும் கடன் தவணையையும் வெட்டிக் கொடுப்பதும் அதே பிழைதான். இரண்டு பேரும் ஒரு கொப்பியை எடுத்து வரவு, செலவு, கடன், காணிக்கை நாலையும் ஒன்றாக எழுதுங்கள். அவ ஒத்துக்கொள்ளும் தொகை 3,000 என்றால் இந்தப் போகத்துக்கு 3,000 கொடுங்கள். அவவுக்குத் தெரியாமல் ஒரு சதமும் போகக்கூடாது.

கேள்வி (கல்முனை): நான் கத்தோலிக்கம், இவர் சைவம். பதிவு மட்டும் செய்து ரெண்டு வருஷம். கோயிலில நற்கருணை வாங்க ஏலாதாம். அவர் மதம் மாறணுமா?

பதில்: மாறத் தேவையில்லை, மகள். திருமணம் திருச்சபை முறைப்படி நடக்காததுதான் தடை. பங்குத்தந்தையிடம் போங்கள். புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்றிதழையும் விவாகப் பதிவையும் கொண்டுபோங்கள். அவர் ஆயரிடம் விலக்கு, அதாவது சைவரை மணக்கச் சிறப்பு அனுமதி, கேட்டு எழுதுவார், அது கிடைத்ததும் திருமணத்தைத் திருச்சபை முறைப்படி செய்துவைப்பார். விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்க என்னால் இயன்றதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்கவேண்டியது நீங்கள் மட்டும். அந்த வாக்கு அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். ஒளித்துவிட்டுப் பிறகு சொன்னால்தான் சண்டை வரும்.

மாமியார் வீட்டில் வைகாசிச் சடங்கு வரும்போது பந்தியில் இருந்துகொண்டு தட்டைத் தள்ளாதீர்கள். எது ஏலும், எது ஏலாது என்று இரண்டு நாளைக்கு முன்னமே அவவிடம் பணிவாகச் சொல்லுங்கள். முற்றம் கூட்டவும் மரக்கறி வெட்டவும் முதல் ஆளாக நில்லுங்கள்.

கேள்வி (வாழைச்சேனை): இவர் அடிக்கிறார். சபையில் பொறுத்துக்கொள், மன்னி எண்டு சொல்றாங்க.

பதில்: பிழையான ஆலோசனை, அக்கா. மன்னிப்பது மனதில் நடக்கிற காரியம். அதற்காக அடி விழுகிற இடத்திலேயே இருக்கவேண்டும் என்றில்லை. எபேசியர் 5இல் மனைவியைத் தன் சொந்த உடம்பாக நேசிக்கும்படி புருஷனுக்குக் கட்டளை இருக்கிறது. துணையால் கடும் ஆபத்து வந்தால் பிரிந்திருக்கக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1153ஆம் பிரிவும் இடம் கொடுக்கிறது. காயம் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கிணற்றடியில் வழுக்கிவிட்டேன் என்று சொல்லாதீர்கள். பிறகு ஆதாரமில்லாமல் போகும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938க்கு எடுத்தால் வழி சொல்வார்கள். அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் இன்றைக்கே ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஒருவரின் வீட்டில் வையுங்கள்.

கேள்வி (செங்கலடி): மனிசன் கட்டாரில. போன் எடுத்தா காசுக் கதைதான்.

பதில்: காசுக் கதைக்குச் சம்பளம் வருகிற நாளை ஒதுக்குங்கள். மற்ற நாட்களில் பிள்ளைகளின் கதை, பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சங்கீதம். நேரம் அங்கே இரண்டரை மணித்தியாலம் பிந்தி. அவர் வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு எடுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன் இரண்டு பேரும் 1 கொரிந்தியர் 7:5ஐ வாசியுங்கள். பிரிந்திருப்பதற்கு இருவரின் சம்மதத்தையும் ஒரு கால எல்லையையும் அது கேட்கிறது.