சதங்கை டீச்சர் பதில்கள்: பெண்கள் பிரிவில் யார் ஆடலாம்?

இந்த இதழில் ஒரே விஷயம்தான். டாலஸ் வாசகி ஒருவரின் கடிதத்தைப் போன இதழில் ஒரு வரியில் குறிப்பிட்டு, ‘விரிவாகப் பிறகு’ என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கே ஆதரவும் வசவுமாகக் கடிதங்கள் வந்துவிட்டன. அலாரிப்பு எத்தனை நிமிடம், சலங்கையை எங்கே வாங்குவது என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

கேள்வி: டீச்சர், என் மகளுக்கு 13 வயது. சனிக்கிழமை பரதம், வாரத்தில் மூன்று நாள் ஐரிஷ் நடனம். 2023 டிசம்பரில் எங்கள் தென் மண்டல ஐரிஷ் நடனப் போட்டியில், சிறுமியர் பிரிவில் ஒரு திருநங்கைக் குழந்தை முதலிடம் வாங்கி உலகப் போட்டிக்குத் தகுதி பெற்றது. அப்போது ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. வகுப்பு வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள், திருநங்கைக் குழந்தைகளைப் பெண்கள் பிரிவில் ஆடவிடக் கூடாது என்ற மனு ஒன்றில் கையெழுத்துக் கேட்கிறார்கள். நான் யாரையும் வெறுப்பவள் இல்லை. ஆனால் என் மகளின் உழைப்பு? – வாசகி, டாலஸ்

பதில்: கையெழுத்துப் போட வேண்டாம் என்பது என் யோசனை. காரணத்தைப் படித்துவிட்டு, அப்புறமும் போடத் தோன்றினால் போடுங்கள். உங்கள் கை, உங்கள் பேனா. அந்தக் குழந்தையின் பெயரை மட்டும் எனக்கு இனி எழுதி அனுப்பாதீர்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் பெயர் கடல் தாண்டி ஒரு பத்திரிகை ஆபீஸ் வரை வந்திருப்பதே அதிகம்.

முதலில் ஒன்றைக் கேட்க வேண்டும். அந்த நடனத்தில் பெண்கள் பிரிவு எதற்காக இருக்கிறது? ஓட்டப்பந்தயத்தில் பதில் எளிது. பருவம் வந்த ஆணின் உடம்பு வேகமானது. சேர்த்து ஓடவிட்டால் இறுதிச் சுற்றில் பெண்ணே இருக்க மாட்டாள். ஐரிஷ் நடனத்தில் பிரிவு வந்த கதை அதுவல்ல. கைகள் உடம்போடு ஒட்டியிருக்க, இடுப்புக்குக் கீழேதான் அத்தனை வித்தையும். மென்செருப்புச் சுற்றில் பெண்கள் ரீலோ ஸ்லிப் ஜிக்கோ ஆடுவார்கள். பையன்கள் குதிகால் வைத்த காலணியில் ரீல் ஆடுவார்கள். ஸ்லிப் ஜிக் ஒன்பது எண்ணிக்கை. நம் தாளத்தில் சங்கீர்ண நடையும் ஒன்பதுதான், ஆனால் நாம் ‘தகதிமி தகதகிட’ என்று நாலும் ஐந்துமாகப் பிரிப்போம்; அவர்கள் மூன்று மூன்றாக மிதந்து போவார்கள். பெண்களுக்குச் சுருள்முடி விக்கும் வேலைப்பாடு மிகுந்த கவுனும் உண்டு, பையன்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆக, பிரிவு பெரும்பாலும் உருப்படியாலும் உடையாலும் வழக்கத்தாலும் வந்தது. அதோடு பையன்கள் அங்கே கொஞ்சம் பேர்தான், பெண்கள் வரிசைதான் நீளம். சுலபமாகப் பரிசு வேண்டும் என்று நினைக்கிற குழந்தை குட்டை வரிசையை விட்டுவிட்டு நீள வரிசைக்கு ஏன் வரப்போகிறது?

உடம்பு என்ற கேள்வியை நான் தாண்டிப் போகவில்லை. பருவம் முழுதாக வந்தபின் ஆண் உடம்புக்கு எம்பிக் குதிக்கும் வலு கூடுகிறது. இதை மறுப்பவர் எந்த ஜிம்மிலும் கால் வைத்திருக்க மாட்டார். ஐரிஷ் நடனத்தில் தாவலுக்கு மதிப்பு உண்டு. அதனால் பெரியவர்கள் பிரிவில் இது நியாயமான கேள்வி. அங்கே எனக்கே முடிவான பதில் இல்லை. பதின்மூன்று வயதில்? சர்வதேச நீச்சல் அமைப்பு 2022-ல் மிகக் கடுமையான விதி கொண்டுவந்தது. அதுவே 12 வயதையும் பருவத்தின் ஆரம்பக் கட்டத்தையும்தான் எல்லைக்கோடாக வைத்தது. அதற்கு முந்தைய உடம்பில் பெரிய வித்தியாசம் கிடையாது என்பதுதான் அதன் அர்த்தம். இன்னொன்று. உங்கள் டெக்ஸாஸில் 2023 செப்டம்பர் முதல் 18 வயதுக்குக் கீழே, பாலின மாற்றத்துக்காகப் பருவத்தைத் தள்ளிப்போடும் மருந்து தரக்கூடாது என்று சட்டம். மருத்துவ வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் மருந்து கொடுக்காதே என்று தடுத்துவிட்டு, அப்புறம் பருவம் வந்துவிட்டது, வெளியே போ என்றால் அந்தப் பிள்ளை எந்தப் பக்கம்தான் நிற்கும்?

இப்போது நியாயத்துக்கு வருகிறேன். ஐரிஷ் நடனத்தில் மார்க் போடும் முறை தெரிந்தால் உங்களுக்குத் தூக்கம் போய்விடும். ஒவ்வொரு நடுவரும் போடும் மார்க் முதலில் ரேங்க் ஆகிறது, ரேங்க் புள்ளியாகிறது. ஒரு நடுவர் உங்கள் மகளை முதலாவதாக வைத்தால் 100 புள்ளி. இரண்டாவதாக வைத்தால் 75. மூன்றாவது 65, நான்காவது 60. அவர் தாளில் முதல் இரண்டு பேருக்கும் அரை மார்க்தான் வித்தியாசம் என்றாலும் புள்ளியில் அது 25 ஆகிவிடும். ஒரே ஒரு நடுவரின் ‘முதல்’ எவ்வளவு விலை பெறும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

விலை பெற்றதாகத்தான் புகாரும் வந்தது. 2022 அக்டோபரில், ஆசிரியர்களும் நடுவர்களும் தங்களுக்குள் குறுஞ்செய்தி அனுப்பி மாணவர்களின் இடங்களைப் பேசி முடித்தார்கள் என்ற குற்றச்சாட்டு அயர்லாந்துப் பத்திரிகையில் வெளியானது. அந்த நடனத்தின் மூத்த அமைப்பான சி.எல்.ஆர்.ஜி. விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை அழைக்க வேண்டி வந்தது. அந்த உலகத்தில் ஆசிரியரே நடுவராகவும் உட்காருவார், நடுவர் தனிப்பயிற்சிப் பட்டறையும் நடத்துவார். உங்கள் வகுப்பு வாசல் அம்மாக்கள் அப்போது மனு சுற்றினார்களா? சுற்றியிருந்தால் என் மரியாதை அவர்களுக்கு.

சி.எல்.ஆர்.ஜி. அன்றைக்குச் சொன்னது, குழந்தை அன்றாடம் எந்தப் பாலினமாக வாழ்கிறதோ அந்தப் பிரிவில் ஆடலாம் என்பது. உங்களுக்கு அது உறுத்தினால் ஒரு வழி இருக்கிறது. மனுவுக்குப் பதிலாகக் கடிதம் எழுதுங்கள். திருநங்கைக் குழந்தை தகுதி பெறும் பிரிவில் உலகப் போட்டிக்கு ஓர் இடத்தைக் கூட்டிக் கொடுங்கள் என்று கேளுங்கள். உலகப் போட்டி மேடையில் இன்னும் ஒரு பிள்ளை ஆடினால் பலகை உடைந்துவிடாது. உங்கள் மகளின் உழைப்பும் பறிபோகாது, அந்தப் பிள்ளையும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. கடிதத்தில் இரண்டாவது பத்தியாக, நடுவரிடம் பட்டறைக்குப் போன மாணவருக்கு அதே நடுவர் மார்க் போடக்கூடாது என்றும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: நழுவுகிறீர்கள் டீச்சர். உலகத் தடகள அமைப்பே தடை போட்டுவிட்டது. நடனத்துக்கு மட்டும் என்ன சலுகை? – வாசகர், கோவை

பதில்: 2023 மார்ச்சில், ஆண் பருவத்தைக் கடந்த திருநங்கைகள் பெண்கள் பிரிவில் ஓடக்கூடாது என்று அவர்கள் முடிவெடுத்தது உண்மை. அங்கே கடிகாரம் இருக்கிறது, அளவுநாடா இருக்கிறது, வாதம் செய்ய ஆதாரம் இருக்கிறது. அந்த முடிவோடு நான் மல்லுக்கட்டவில்லை. அதே வருடம் ஆகஸ்டில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பும் தங்கள் முடிவு வரும்வரை திருநங்கைகள் பெண்கள் போட்டிகளில் ஆடக்கூடாது என்றது. சதுரங்கத்தில்! குதிரையைத் தூக்கி வைக்க எவ்வளவு தசை வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஒரு துறையின் விதியை இன்னொரு துறைக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போனால் இதுதான் நடக்கும்.

உங்கள் பக்கத்துக்கும் ஒரு உதாரணம் நானே தருகிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் நடனம் இருந்தது. பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி. ஒற்றைக் கையில் உடம்பைச் சுழற்றுகிற ஆட்டம் அது. தோள் வலுவுக்கு அங்கே நேரடி மதிப்பு. பெரியவர்களுக்கான அந்த மேடையில் நீங்கள் கேட்கிற கேள்வியை நானும் கேட்பேன்.

ஆனால் ‘யார் பெண்?’ என்று சோதிக்கக் கிளம்பினால் அது யார் தலையில் விடியும் என்பது நமக்குத் தெரியும். புதுக்கோட்டைப் பெண் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். அவர் திருநங்கை அல்ல. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்க்கப்பட்டவர்.

கேள்வி: திருநங்கைக் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே? – வாசகி, திருச்சி

பதில்: ஒரு மாவட்டத்தில் அப்படி வெளியே சொல்லக்கூடிய குழந்தை ஒன்று இருந்தால் அதிசயம். அந்த ஒரே குழந்தை தனியாக ஆடி, தனியாக முதல் பரிசு வாங்கும். கூத்து அது, போட்டியில்லை. விழுப்புரத்தில் மிஸ் கூவாகம் நடக்கிறதே என்பீர்கள். அது வயதுவந்த திருநங்கைகள் தங்கள் விருப்பத்தில் கொண்டாடுவது. ஒதுக்கி வைத்த மூலையில்லை. திருநங்கையான நர்த்தகி நடராஜ் தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் குருகுலமாகக் கற்று, 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார். பரதத்துக்குத்தான் வாங்கினார், பிரிவுக்கு இல்லை.

கேள்வி: ஆண் பெண் வேடமிட்டு ஆடுவது நம் மரபிலேயே இருக்கிறதே. – வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் பக்கத்து மெலட்டூரில் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் ஆண்களே பெண் பாத்திரம் ஏற்கிறார்கள், குச்சிப்புடியில் வேதாந்தம் சத்தியநாராயண சர்மாவின் சத்தியபாமா பிரசித்தம். ஆனால் வேடம் வேறு, இது வேறு. அவர்கள் முகப்பூச்சைக் கழுவிவிட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இந்தக் குழந்தைக்குக் கழுவ எதுவும் இல்லை. நல்ல எண்ணத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் இந்த உதாரணம் இங்கே உதவாது.

கேள்வி: அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எட்டாம் வகுப்பில், பதிவேட்டில் ஆண் என்று இருக்கும் குழந்தை ஒன்று பெண்களின் கும்மிக் குழுவில் ஆட ஆசைப்படுகிறது. நன்றாகவும் ஆடுகிறது. தலைமையாசிரியர் ‘எதுக்கு வம்பு’ என்கிறார். – ஆசிரியை, தேனி மாவட்டம்

பதில்: உங்களுடையதுதான் எனக்கு மிகவும் பிடித்த கடிதம். கும்மியில் யாரும் யாரையும் உயரத்தில் மிஞ்சுவதில்லை. கை தட்டுவது ஒன்றாகக் கேட்க வேண்டும், வட்டம் உடையக் கூடாது. நியாயம் பற்றிய கேள்வியே அங்கே எழவில்லை.

தலைமையாசிரியரிடம் சட்டமாகப் பேசுங்கள். 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை ஏற்றது. 2019-ல் வந்த திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் கல்வியோடு விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. நகல் எடுத்து அவர் மேஜைமேல் வையுங்கள். பக்கத்து மாநிலத்தில் 2022-ல் ஒரு திருநங்கை மாவட்ட ஜூடோவில் பெண்கள் பிரிவில் கலந்துகொள்ள அனுமதி கேட்டுக் கேரள உயர் நீதிமன்றம் போனார். தனிப் பிரிவு ஏற்பாடு இல்லையென்றால் அவர் கேட்ட பிரிவிலேயே சேர்க்கச் சொன்னது நீதிமன்றம். ஆளைத் தூக்கிப் போடுகிற ஜூடோவுக்கே அப்படி. நீங்கள் கேட்பது கும்மிக்கு.

உண்மையான சிக்கல் உடை மாற்றும் இடத்தில்தான் வரும். போட்டி நடக்கும் பள்ளிகளில் ஒரே வகுப்பறையில் ஜன்னலுக்குப் பழைய புடவையைக் கட்டிவிட்டு இருபது பெண்கள் தாவணி மாற்றுவார்கள். நான் எத்தனையோ தடவை அந்தக் கதவுக்குக் காவல் நின்றிருக்கிறேன். மற்றப் பெண்களுக்கும் கூச்சம் இருக்கும், அதையும் மதியுங்கள். குழந்தையை வீட்டிலிருந்தே உடை கட்டி வரச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆசிரியர் அறையைக் கேட்டு வாங்குங்கள். போட்டிக்கு முன்பே மற்ற அம்மாக்களை உட்கார வைத்து நீங்களே சொல்லிவிடுங்கள், வேறு யார் வாயிலிருந்தும் அவர்கள் கேட்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: அந்தக் குழந்தையின் வீட்டுக்கு இது தெரியுமா? தெரியாதென்றால் பங்கேற்பாளர் பட்டியலில் எந்தப் பெயரை எழுதுவது என்று முதலில் குழந்தையிடம் கேளுங்கள். பரிசுச் சான்றிதழில் அச்சான பெயரைப் பார்த்து அப்பா தெரிந்துகொள்வது போல் ஆகிவிடக் கூடாது.

கேள்வி: டீச்சர், நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் பரதப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவள் திருநங்கை, என் தோழிதான். அவளுக்குக் கை குலுக்கினேன், ஆனால் உள்ளே கோபமாக இருக்கிறது. இது தப்பா? – பெயர் வேண்டாம்

பதில்: இரண்டாம் பரிசு வாங்கிக் கோபம் வராதவள் மேடைக்கே லாயக்கில்லை கண்ணு. அவள் யாராக இருந்தாலும் உனக்குக் கோபம் வந்திருக்கும்தானே?

உங்கள் டீச்சரிடம் மார்க் ஷீட்டைக் கேள். காட்ட மாட்டேன் என்றால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கேள். பள்ளிப் போட்டிகளில் நான் நடுவராக உட்கார்ந்தபோது, முட்டியை மடித்து நிற்கும் அரைமண்டி, அடவு சுத்தம், தாளம், அபிநயம், உடை அலங்காரம் என்று தனித்தனிக் கட்டம் போட்டு மார்க் எழுதுவேன். அதில் அவள் உன்னை எந்தக் கட்டத்தில் தாண்டினாள் என்று பார். தாளத்திலோ அபிநயத்திலோ என்றால் அது உழைப்பில் வந்தது, உனக்கும் வரும். அரைமண்டி என்றால் தினமும் தட்டடவை மூன்று காலத்திலும் எழுந்திருக்காமல் போட்டுப் பழகு. பொதுவாக இரண்டாம் காலத்திலேயே எல்லோருக்கும் முட்டி நிமிர்ந்துவிடும். உடை அலங்காரத்தில் என்றால் மட்டும் எனக்குத் திரும்ப எழுது. வாடகை உடைக்கு மார்க் போடுகிற நடுவர்களோடு எனக்கு வேறு கணக்கு இருக்கிறது.