சூரியன், விண்மீன், கோள், சந்திரன்: பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது?

தானே ஒளிவிடுவது விண்மீன். அதைச் சுற்றுவது கோள். கோளைச் சுற்றுவது துணைக்கோள். சூரியனும் விண்மீனே, அதன் ஒளி ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றரைக் கடந்து, சுமார் 8 நிமிடங்களில் இரணைமடுக் குளக்கட்டில் நிற்கும் பிள்ளையின் முகத்தில் படுகிறது.

சந்திரனுக்குச் சொந்த ஒளி இல்லை. சூரியனை நோக்கிய அதன் பாதியில் வெயில் படுகிறது. அது வளர்வதையும் தேய்வதையும் படத்தைவிடக் கையால் காட்டுவதே நல்லது. இரவில் முற்றத்தில் அரிக்கன் லாம்பை முக உயரத்தில் தொங்கவிட்டு, ஈர்க்கில் குத்திய தேசிக்காயைப் பிள்ளை கைநீட்டிப் பிடித்தபடி மெல்லச் சுற்றட்டும்: லாம்பு சூரியன், தலை பூமி, தேசிக்காய் சந்திரன். லாம்பின் பக்கம் நீட்டினால் காயின் இருண்ட பாதியே தெரியும், அது அமாவாசை. லாம்புக்கு முதுகைக் காட்டிக் காயைத் தலைக்கு மேல் உயர்த்தினால் முழுவதும் ஒளிரும், அது பூரணை.

சந்திரன் தேய்வது பூமியின் நிழலால் என்று பலர் நினைப்பது தவறு. அந்நிழல் அதன்மேல் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே.