திங்கட்கிழமை வயிற்றுவலி

சகோதரி, பள்ளி பஸ்ஸில் மகனின் திக்குவாயைக் கேலி செய்கிறார்கள், திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி என்கிறான், மருத்துவரோ ஒன்றுமில்லை என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவன் நடிக்கவில்லை; பயத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும். எனக்கும் திக்குவாய்தான். என்னைப் போலப் பேசிக் காட்டியவன் வீட்டில் தினமும் பெல்ட் அடி வாங்கியவன் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் பஸ்ஸே சிரித்திராவிட்டால் அவன் அதை விட்டிருப்பான் என்றே நினைக்கிறேன்.

"நீயும் திருப்பி அடி" என்று மட்டும் சொல்லாதீர்கள். என் அப்பா சொன்னார்; அதன்பின் வீட்டில் நான் வாயே திறக்கவில்லை. யார், எங்கே, என்றைக்கு என்று தேதியோடு எழுதித் தலைமையாசிரியரிடம் கடிதமாகவே கொடுங்கள். பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் இடம் கேளுங்கள். ஒரு வாரத்தில் அசைவில்லையென்றால் தமிழகப் பள்ளிக் கல்வித்துறையின் 14417, அல்லது குழந்தைகள் உதவி எண் 1098.