ட்ரக்டரில் ஏறிய பிறகு குப்பை யாருடையது? – கேள்வி பதில்

இலங்கையின் திருகோணமலைக்காரன் நான். உள்ளூராட்சிச் சபை ஒன்றின் சுத்திகரிப்புப் பிரிவில் 22 வருடம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். போன கிழமை எங்கள் வீதியில் குப்பை எடுக்க வந்த தம்பி ஒருவர் ஒரு வீட்டுப் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டார். வீட்டுக்காரர் "கள்ளன்" என்று கத்தினார். அந்தச் சொல் எனக்குப் பொறுக்கவில்லை. அதைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு இங்கே ஒன்றாகப் பதில் எழுதுகிறேன்.

உவர்மலையிலிருந்து ஒருவர்: ஐயா, என் கண் முன்னாலேயே பையை அவிழ்த்து, போத்தலையும் காட்போட்டையும் எடுத்து, ட்ரக்டரின் பக்கவாட்டில் தொங்கும் உரப்பைக்குள் போடுகிறார்கள். இதற்குச் சட்டத்தில் இடமுண்டா?

பை உங்கள் படலைக்குள் இருக்கும்வரை அது உங்களுடையது. உள்ளே வந்து கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை. சபை எடுத்துக்கொண்ட பிறகு கதை மாறுகிறது. நகரசபைக் கட்டளைச் சட்டத்தின் 118 முதல் 120 வரையான பிரிவுகளைப் பாருங்கள். மாநகரசபைக் கட்டளைச் சட்டத்தில் 129 முதல் 131, பிரதேசசபைச் சட்டத்தில் 93 முதல் 95. மூன்றும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். குப்பையை அகற்றுவது சபையின் கடமை. சேகரித்த குப்பை சபையின் சொத்து. அதை விற்கவோ வேறு வழியில் அகற்றவோ சபைக்கு அதிகாரம் உண்டு.

ஆகவே அந்தப் போத்தலைத் தொழிலாளி எடுக்கலாமா என்பது அவருக்கும் சபைக்கும் இடையிலான விஷயம். உங்களிடமிருந்து எடுத்த களவு என்று அதைச் சொல்ல முடியாது.

அவர்கள் பையைப் பிரிக்கும்போது எதைத் தேடுகிறார்கள் என்பதையும் சொல்கிறேன். என்னோடு வேலை செய்த ஒருவர் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டிருப்பார். ஏதாவது உலோகம் கிடைத்தால் காந்தத்தை அதன் மேல் தொட்டுப் பார்ப்பார். ஒட்டினால் இரும்பு, திரும்ப ட்ரக்டருக்குள் போய்விடும். ஒட்டாவிட்டால் அலுமினியமோ பித்தளையோ செம்போ, அதற்குத்தான் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. பழுதான மேசை மின்விசிறி ஒன்று கிடைத்தால் அன்றைக்கு அவர் முகமே வேறு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாகை மரத்தடியில் இருந்து மோட்டாரைப் பிரித்துச் செப்புக் கம்பியைச் சுருள் சுருளாக எடுப்பார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது செம்பு மட்டும்தான். உங்கள் வீட்டுக் கடிதம் அதே பையில் கிடந்தாலும் அவருக்கு அது ஈரக் கடதாசி, அவ்வளவுதான்.

அதே உவர்மலையிலிருந்து இன்னொருவர்: அப்படியானால் குப்பையில் எங்களுக்கு அந்தரங்கம் என்று ஒன்றும் இல்லையா?

அமெரிக்காவில் இது உச்ச நீதிமன்றம்வரை போனது. கலிபோர்னியாவில் கிரீன்வுட் என்பவரின் வீட்டுக்கு வெளியே வைத்த பைகளைப் பொலிஸ், குப்பைக்காரர் மூலம் வாங்கித் துருவியது. வீதியோரம் வைத்த பையை மிருகங்கள், பிள்ளைகள், பொறுக்குபவர்கள், வேவு பார்ப்பவர்கள் என்று யாரும் திறக்கலாம், அதில் அந்தரங்கத்தை எதிர்பார்க்க முடியாது என்று 1988 இல் தீர்ப்பு வந்தது. கனடாவிலும் 2009 இல் ஏறக்குறைய அப்படித்தான் தீர்த்தார்கள். அந்தத் தீர்ப்புகள் நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மிருகங்கள் என்று சொன்னது திருகோணமலைக்கு அச்சொட்டாகப் பொருந்தும். நம் ஊரில் மாடு, நாய், காகம் போதாதென்று மானும் பையைக் கிழிக்கிறது. இரவு கட்டிய பையை விடியற்காலையில் புள்ளிமான் ஒன்று கொம்பால் இழுத்து, பொலித்தீனோடு சேர்த்து மென்றுகொண்டு நிற்பதை நானே எத்தனையோ தடவை விரட்டியிருக்கிறேன். உங்கள் வங்கிக் கடிதம் வீதியில் பறக்கிறதென்றால் பெரும்பாலும் இரவே பையை வெளியில் வைத்ததால்தான். ட்ரக்டர் வரும் நேரத்துக்கு வையுங்கள். மானுக்கும் நல்லது.

நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: எந்தக் கடதாசிகளைக் கட்டாயம் கவனிக்க வேண்டும் அண்ணா?

முதலில் அடையாள அட்டைப் பிரதி. வேலைக்கு, சிம் காட்டுக்கு, வங்கிக்கு என்று போட்டோகொப்பி எடுத்து, மிஞ்சியதை அப்படியே எறிகிறோம். நம் அடையாள அட்டை இலக்கம் சும்மா ஓர் எண் இல்லை, அதற்குள் உங்கள் பிறந்தநாளே இருக்கிறது. பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். உதாரணமாக ஓர் எண் 1985572 என்று தொடங்கினால், 572 இல் 500 போக 72. பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகக் கணக்கெடுப்பார்கள், ஆகவே மார்ச் 12. 1985 மார்ச் 12 இல் பிறந்த ஒரு பெண் என்று கடதாசியைப் பார்த்தவருக்குத் தெரிந்துவிட்டது. பழைய ஒன்பது இலக்க எண்ணிலும் இதே கணக்குத்தான், ஆண்டு மட்டும் இரண்டு இலக்கம்.

அதோடு முகவரியும் தொலைபேசி எண்ணும் ஒட்டிய பார்சல் உறை ஒன்று சேர்ந்தால் போதும். "அக்கா, உங்கள் பார்சல் வந்திருக்கு, அடையாள அட்டை இலக்கம் இதுதானே" என்று ஒருவன் எடுத்துப் பேசினால் நாம் நம்பிவிடுவோம். நகை அடைவு வைத்த துண்டு, வங்கிக் கூற்று, கிளினிக் கொப்பி, மருந்துப் பெட்டியில் பெயர் எழுதிய லேபல், பிள்ளையின் பாடசாலை விபரம் உள்ள கடிதம் ஆகியவற்றையும் இதே கவனத்தோடு பாருங்கள்.

ஒரு ரீச்சர்: கடதாசி வெட்டும் மெஷின் வாங்க வசதியில்லை. எரிக்கலாமா?

எரிக்க வேண்டாம் ரீச்சர். கடதாசியோடு பொலித்தீனும் சேர்ந்துதான் எரியும். பிளாஸ்டிக் உட்படக் குப்பையை வெளியில் எரிப்பதை 2017 செப்டெம்பர் 1 வர்த்தமானி தடை செய்திருக்கிறது. பக்கத்து வீட்டில் இழுப்பு உள்ளவர் இருந்தால் அந்தப் புகை அவருக்குத்தான் முதலில் போகும்.

மெஷினும் தேவையில்லை. ஒரு பழைய வாளியில் தண்ணீர் நிரப்பி, கடதாசிகளைக் கையால் கிழித்துப் போட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். காலையில் தோசை மா பிசைவதுபோல் பிசைந்தால் கூழாகிவிடும், ஓர் எழுத்தும் மிஞ்சாது. பிழிந்து உருண்டையாக்கி வாழையடியில் போடலாம். பளபளப்பான கடதாசி ஊறாது, அதில் பெயரும் எண்ணும் உள்ள இடத்தை மட்டும் வெட்டித் துண்டாக்குங்கள்.

ஏ.ரி.எம். துண்டும் கடைச் சிட்டையும் வேறு வகை. அது சூட்டில் கறுக்கும் கடதாசி. பழைய பத்திரிகைக்கு நடுவில் வைத்து மேலே சூடான அயன் பெட்டியை ஒரு தடவை இழுங்கள், முழுவதும் கறுத்துப்போகும். அந்தக் கடதாசியில் இரசாயனம் இருப்பதால் பசளைக் குழிக்குள் மட்டும் போட வேண்டாம். வங்கி அட்டை காலாவதியானால் சிப்புக்கு நடுவாலும் கறுப்புப் பட்டிக்குக் குறுக்காலும் வெட்டி, துண்டுகளை வேறு வேறு நாளில் எறியுங்கள்.

மத்திய வீதியில் கடை வைத்திருப்பவர்: போட்டோகொப்பி எடுக்கும்போது பழுதாகும் தாள்களைக் கச்சான் விற்பவருக்குச் சரை சுற்றக் கொடுக்கிறேன். வீணாகாமல் போகிறதே என்று நினைத்தேன்.

கேட்டதற்கு நன்றி தம்பி. பல பேர் கேட்காமலே செய்கிறார்கள். ஒரு பின்னேரம் கடற்கரையில் கச்சான் வாங்கினேன். சாப்பிட்டு முடித்துச் சரையை விரித்தால் யாரோ ஒரு அம்மாவின் வைத்தியசாலைப் படிவம். பெயர், வயது, ஊர், வருத்தத்தின் பெயர்கூட இருந்தது. எண்ணெய்க் கறைக்கு நடுவில் அதை வாசித்தபோது எனக்குக் கை கூசியது. அந்த அம்மா எங்கள் தெருவில் இருப்பவராகவும் இருக்கலாம்.

தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க நம் நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வீட்டுக்காரர் தன் சொந்தக் கடதாசியை எப்படி எறிகிறார் என்பதில் அது தலையிடாது. மற்றவர்களின் விபரங்களைத் தொழிலுக்காகக் கையாள்பவர்களின் பொறுப்பைத்தான் அது பேசுகிறது. சட்டத்தை விடுங்கள், வாடிக்கையாளர் உங்களை நம்பித் தந்த தாள் அது. வெற்றுத் தாளையும் பத்திரிகையையும் கச்சான்காரருக்குக் கொடுங்கள். பெயர் இருக்கும் தாள் வாளிக்குள் போகட்டும்.

பெயர் போட விரும்பாத ஒருவர்: மாதவிடாய்த் துணிகளைக் குப்பையில் போட வெட்கமாக இருக்கிறது. பையைத் திறந்து பார்ப்பார்களே. அதனால் இரவில் கொண்டுபோய் வெறுங்காணியில் எறிகிறேன்.

தங்கச்சி, வெறுங்காணியில் எறிந்தால் நாய் இழுத்து வீதிக்குக் கொண்டுவரும், அதுதான் எல்லோரும் பார்க்கும் இடம். பத்திரிகையில் இறுக்கிச் சுற்றி, தனிச் சிறு பையில் கட்டி, மேலே சிவப்பு மையால் ஒரு புள்ளி வையுங்கள். பம்பர்ஸுக்கும் அப்படியே. ட்ரக்டரோடு வருபவரிடம் ஒருதரம் "புள்ளி உள்ளதைத் திறக்க வேண்டாம்" என்றால் போதும், அவரும் வீட்டில் பெண்களோடு வாழ்பவர்தான்.

உண்மையில் பயப்பட வேண்டியது ஊசியும் உடைந்த கண்ணாடியும்தான். சீனி வருத்தத்துக்கு வீட்டில் இன்சுலின் போடுபவர்கள் ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலுக்குள் போட்டு மூடியை இறுக்கிக் கொடுங்கள். உள்ளங்கையில் ஊசி ஏறி, பரிசோதனை முடிவு வரும்வரை பல நாள் நித்திரை இல்லாமல் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். தன் பிள்ளையைத் தூக்கவும் அவர் பயந்தார்.

சாம்பல்தீவிலிருந்து ஓர் அக்கா: நான் எறிந்த சேலையை எங்கள் வீதியில் குப்பை எடுக்கும் தொழிலாளியின் மகள் கோயில் திருவிழாவுக்குக் கட்டி வந்தாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அக்கா, உங்களுக்கு ஏன் அப்படி இருந்தது என்று புரிகிறது. நம் உடம்பில் கிடந்த துணியை இன்னொருவரில் பார்ப்பது கூச்சம்தான். ஆனால் அந்தப் பிள்ளையைப் பாருங்கள். நீங்கள் சேலையை அடையாளம் கண்டதை அவளும் கவனித்திருந்தால், அன்றைக்கு அந்தத் திருவிழா அவளுக்கு எப்படி முடிந்திருக்கும்? யாரிடமும் அதைச் சொல்ல வேண்டாம். இனி நல்ல துணி கழிக்கும்போது தோய்த்து மடித்து, மீன் கழிவோடு சேர்க்காமல், கையில் கொடுங்கள். "பாவிக்கலாம், எடுங்கோ" என்று சொல்லுங்கள். வேறொருவர் உடுத்தக் கூடாது என்று நினைக்கும் துணியென்றால் வெட்டித் துடைப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாணவர்: பழைய போன்?

குப்பையில் போடாதே தம்பி, பற்றரி நசுங்கினால் தீப்பிடிக்கும். கொடுப்பதானால் கணக்குகளிலிருந்து வெளியேறி, சிம்மையும் மெமரி காட்டையும் கழற்றி, செட்டிங்ஸில் முழுவதையும் அழிக்கும் ரீசெட் செய். மெமரி காட்டில் அழித்த படங்களை மீட்க முடியும், அதை யாருக்கும் கொடுக்காதே.

உப்புவெளியிலிருந்து ஒருவர்: தவறுதலாக முக்கியமான ஒன்றை எறிந்துவிட்டால் கிடைக்குமா?

உடனே சபைக்குச் சொல்லுங்கள். ட்ரக்டர் கொட்டுமிடத்துக்குப் போகுமுன் பிடித்தால் வாய்ப்பு உண்டு, கொட்டிய பிறகு மிகக் குறைவு.

எனக்கே நடந்தது. 1990 இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தபோது அம்மா ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றி, நெஞ்சோடு கட்டிக் காப்பாற்றிய காணி உறுதி அது. அவர் காலமான பிறகு வீட்டை ஒதுக்கும்போது பழைய பத்திரிகைக் கட்டோடு அதுவும் போய்விட்டது. அன்று மாலை, அந்தக் காந்தம் கட்டிய மனிதர் சைக்கிளில் வந்து படலையில் மணி அடித்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "முத்திரை ஒட்டியிருக்கு ஐயா, மடிப்பும் பழசு. இப்படியானதை ஒருவரும் தெரிந்து எறிய மாட்டினம்" என்று நீட்டினார். பத்திரிகைக் கட்டை மட்டும் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.