ஒரே நாளில் ஓர்வியெத்தோ

கேள்வி: ரோமில் நான்கு நாள் தங்குகிறோம். ஏதாவது மலை ஊருக்குக் காலையில் போய் இரவுக்குள் திரும்ப முடியுமா?

பதில்: தாராளமாக. ஓர்வியெத்தோ போங்கள். தெர்மினி நிலையத்தில் ரயில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் மெஷினில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள், மறந்தால் அபராதம். ஊர் பாறை உச்சியில், ஸ்டேஷன் அடிவாரத்தில், ஆனால் எதிரிலேயே விஞ்ச் ரயில் இருப்பதால் மூச்சு வாங்காது. 1290-இல் தொடங்கிய பேராலயத்தில் சிஞ்ஞொரெல்லியின் சுவரோவியங்களைத் தவறவிடாதீர்கள். என் ஓட்டு என்னவோ சான் பத்ரீசியோ கிணற்றுக்குத்தான்: 53 மீட்டர் ஆழம், இறங்க ஒரு படிவழி, ஏற இன்னொன்று, தண்ணீர் சுமக்கும் கழுதைகள் எதிரெதிரே முட்டிக்கொள்ளாமலிருக்க 16ஆம் நூற்றாண்டில் செய்த ஏற்பாடு. 248 படி, முழங்கால் வலி இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம், திரும்பும் ரயில் நேரத்தை இறங்கியதுமே பார்த்துவிடுங்கள்.