புஷ்பராகமும் நான்கு கால்களும்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கசாலைத் தெருவின் பட்டறைகளைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில், உங்கள் தகப்பனார் கல் பதிப்பவராக இருந்தார் என்று படித்த பிறகுதான் இதை எழுதத் துணிந்தேன். என் அம்மாவின் பழைய மோதிரத்திலிருந்து எடுத்த புஷ்பராகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. நீள்வட்டக் கல், ஏறக்குறைய 4 காரட் எடை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் கொடுத்து, அவர்களிடம் தயாராக இருந்த, கல்லைப் பிடிக்க நான்கு கால் வைத்த 22 காரட் மோதிரத்தில் பதித்து வாங்கினேன். எட்டே மாதத்தில் கல் ஆடத் தொடங்கியது. புடவை நூல் மாட்டி ஒரு கால் நிமிர்ந்துவிட்டது. கடையில் அழுத்திக் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் மறுபடியும் அதே நிலைமை. இப்போது சௌகார்பேட்டையில் ஒரு வயதான பத்தர், இந்தக் கல்லுக்கு அச்சு மோதிரம் ஒத்துவராது, கையால்தான் கட்டடம் (கல்லைத் தாங்கும் பொன் அமைப்பு) செய்ய வேண்டும், பத்து நாள் ஆகும் என்கிறார். கூலி மூன்று மடங்கு. 22 காரட் வேண்டாம், 18 காரட்டில் செய்யலாம் என்றும் சொல்கிறார். அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கல் விரலில் பட வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருப்பதால் அடிப்பக்கம் திறந்திருக்க வேண்டும். கையால் செய்வதில் உண்மையிலேயே வேறுபாடு உண்டா, அல்லது அது வெறும் பழம்பெருமையா?

ஒரு வாசகி,
கொருக்குப்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

வேறுபாடு உண்டு. அந்தப் பெரியவர் உங்களிடம் சொன்னவற்றில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. ஆனால், கட்டடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் கல்லைப் பற்றி ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். புஷ்பராகம் என்று நம் ஊரில் இரண்டு வெவ்வேறு கற்களைச் சொல்கிறோம். ஒன்று மஞ்சள் நிற நீலக்கல் இனம், கனக புஷ்பராகம் என்று விற்கப்படுவது, மாணிக்கத்துக்கு உடன்பிறப்பு. மற்றொன்று டோபாஸ். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கலாம். மோஸ் அளவுகோலில் முன்னதன் கடினம் 9, பின்னதன் கடினம் 8. அந்த ஓர் எண் வேறுபாடு பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் என்னவென்றால், டோபாஸ் ஒரு திசையில் விறகு பிளப்பதுபோல மழமழவென்று பிளந்துவிடக்கூடிய கல். கீறலைத் தாங்குவது வேறு, அழுத்தத்தைத் தாங்குவது வேறு. நவரத்தினத்தில் ஒன்று, உடையாது என்று யாராவது தைரியம் சொன்னால் அதை நம்பிக் கல்லைக் கொடுத்துவிடாதீர்கள். பரிசோதனைக் கூடத்தில் ஒளிவிலகல் எண்ணைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்: நீலக்கல் இனத்துக்கு ஏறக்குறைய 1.76, டோபாஸுக்கு 1.62 அளவில் இருக்கும். அந்தச் சீட்டைப் பத்தரிடம் காட்டினால், கை எவ்வளவு அழுத்தலாம் என்பதை அவர் அதைப் பார்த்தே முடிவு செய்வார்.

இப்போது உங்கள் மோதிரத்துக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று சொல்கிறேன். மோதிரத்தை நான் பார்க்கவில்லை என்றாலும், நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் என் தகப்பனாரிடம் பழுதுக்கு வந்த நூற்றுக்கணக்கான மோதிரங்களின் அறிகுறிகள்தாம். அச்சு மோதிரம் என்பது மெழுகில் வார்த்து, அதைச் சுற்றிச் சாந்து ஊற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் பொன்னை ஊற்றிச் செய்வது. அதில் குறை ஒன்றும் இல்லை. இயந்திரத்தில் ஒரே அளவாகப் பட்டை தீட்டிய 10க்கு 8 மில்லிமீட்டர் கல்லுக்கு, 10க்கு 8 மில்லிமீட்டர் மோதிரம் சரியாகவே பொருந்தும். ஆனால் உங்கள் அம்மாவின் கல் அப்படித் தீட்டப்பட்டிருக்காது. அந்தக் காலத்தில் பட்டை தீட்டியவர்கள் எடையை இழக்க மனமில்லாமல், அடிவயிறு பருத்தும், கல்லின் அகன்ற சுற்று விளிம்பான இடைவிளிம்பு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும், அடிநுனி நடுவைவிட்டுச் சற்று விலகியும் இருக்கும்படியே விட்டுவிடுவார்கள். அப்படிப்பட்ட கல்லை ஒரே உயரத்தில் வெட்டிய நான்கு கால்களுக்கு நடுவில் வைத்தால், இரண்டு கால்களில் உட்காரும், மூன்றாவதில் தொடும், நான்காவதில் காற்றுதான் இருக்கும். அந்த நான்காவது காலைக் குறட்டால் அழுத்திக் கல்லின் மேல் சாய்த்துவிட்டால், வாங்கும் அன்று கல் அசையாது. ஆனால் அந்தப் பிடி கால் வளைந்ததால் வந்த பிடியே தவிர, கல் உட்கார்ந்ததால் வந்தது அல்ல. பாத்திரம் தேய்க்கும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதும் மோதிரம் வாங்கும் சிறு சிறு அடிகளில் அந்தக் கால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். மறுபடி அழுத்தினால் மறுபடி பின்வாங்கும். வளைந்து வளைந்து நிமிர்ந்த உலோகம் ஒருநாள் வெட்டுவாயில் ஒடிந்துபோகும்.

கையால் செய்யும் கட்டடத்தின் முழு ரகசியமும் அந்த வெட்டுவாயில்தான் இருக்கிறது. கல்லின் இடைவிளிம்பு உட்கார்வதற்காகக் காலின் உட்புறத்தில் வெட்டும் சிறு படியைச் சொல்கிறேன். பட்டறைகளில் இந்தக் காலைப் பிராங் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் கால் என்றுதான் சொல்வோம். என் தகப்பனார் வேலை செய்தது தங்கசாலைத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மரப்படி ஏறிப் போகும் மாடி அறையில். பள்ளி விட்டு நான் அங்கே போய் அவருக்கு எதிரில் உட்கார்ந்திருப்பேன். பொன் வேலை செய்யும் பத்தர் முதலில் பொன்னைக் கம்பி அச்சின் துளைகளில் ஒவ்வொன்றாக இழுத்து, வேண்டிய பருமனுக்குக் கொண்டுவருவார். உங்கள் கல்லின் அளவுக்குக் கால் 1.2 மில்லிமீட்டர் பருமனாவது இருக்க வேண்டும். கல்லின் இடையைவிடச் சற்றே சிறிய நீள்வட்ட வளையம் ஒன்று, அதைவிடச் சிறியதாக அடி வளையம் ஒன்று, இரண்டையும் இணைக்கும்படி சாய்வாக நான்கு கால்கள்; வெங்காரம் (போராக்ஸ்) தடவி, பற்றவைக்கும் பொடி வைத்து நெருப்பை ஊதினால் ஒரு சின்னக் கூடை போன்ற கட்டடம் தயார். அது மோதிரத்தில் ஏறிய பிறகுதான் என் தகப்பனாரின் கைக்கு வரும்.

அவர் மோதிரத்தை அரக்குக் கட்டையில் பதித்து அசையாமல் நிறுத்துவார். தேன்மெழுகில் கரித்தூள் பிசைந்து குச்சி நுனியில் உருட்டி வைத்திருப்பார். அதைக் கல்லின் மேல்முகத்தில் ஒட்டித் தூக்கி, கால்களுக்கு நடுவே இறக்கி, எந்தக் காலில் எந்த உயரத்தில் இடைவிளிம்பு படுகிறது என்று பார்த்து ஊசியால் கோடு கிழிப்பார். நான்கு கோடுகளும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. கல்லின் விளிம்பு எப்படி அலைகிறதோ அப்படியே கோடுகளும் ஏறி இறங்கும். மேலிருந்து பார்க்கும்போது கல்லின் முகம் சமமாக இருந்தால் போதும். பிறகு வெட்டத் தொடங்குவார். காலின் பருமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டமாட்டார். அதற்கு மேல் போனால் வளைக்கும்போது கால் அங்கேயே முறியும். 1.2 மில்லிமீட்டர் காலில் 0.4 மில்லிமீட்டர். அந்த நூலிழை ஆழத்துக்குள் மேல் பக்கம் ஒரு சரிவு, கீழ்ப் பக்கம் கல்லின் அடிவயிற்றுக்கு ஏற்ற வேறொரு சரிவு. கடையில் வாங்கும் வெட்டும் முனையில் சரிவுகள் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிருக்கும். பருத்த வயிற்றுக் கல்லுக்கு அது போதாது, உளியால் தொட்டுத் தொட்டுச் சீவ வேண்டும். கல்லை இறக்கிப் பார்ப்பார், எடுப்பார், சீவுவார், மறுபடி இறக்குவார். இருபது முப்பது முறை இப்படிச் செய்வதை நான் எண்ணியிருக்கிறேன். கடைசியில், கால்களை இன்னும் மடக்காத நிலையிலேயே, கல் தானாகப் படியில் இறங்கி உட்காரும். அவர் உருப்பெருக்கியை எடுத்து, காலுக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று ஒவ்வொரு காலாகப் பார்ப்பார். நீங்கள் மூன்று மடங்கு கூலி கொடுப்பது இந்த இருபது முப்பது முறைகளுக்குத்தான்.

அதன்பின் மடக்குவது சிறிய வேலை. எதிரெதிர்க் கால்களைத்தான் மாற்றி மாற்றித் தள்ள வேண்டும், ஒவ்வொரு முறையும் சிறிதளவே. அடுத்தடுத்த கால்களைத் தள்ளினால் கல் ஒரு பக்கம் நகர்ந்து படியைவிட்டு ஏறிவிடும். முடிந்ததும் நுனிகளை அளவாக வெட்டி, அரத்தால் உருட்டி, மெருகு போடுவார்கள். அரம் கல்லின் மேல் படக்கூடாது என்பதில் என் தகப்பனார் மிகக் கண்டிப்பாக இருப்பார். உங்கள் புடவை நூல் மாட்டியது நுனி கல்லோடு ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்ததால்தான்.

18 காரட்டைப் பற்றி. கல்லின் காரட் எடையைக் குறிப்பது, ஒரு காரட் 200 மில்லிகிராம். பொன்னின் காரட் மாற்றை, அதாவது தூய்மையைக் குறிப்பது. 22 காரட்டில் ஆயிரத்தில் 916 பங்கும், 18 காரட்டில் 750 பங்கும் பொன். மற்றது செம்பும் வெள்ளியும் போன்ற கலப்பு. அந்தக் கலப்புதான் பொன்னுக்கு விறைப்பைத் தருகிறது. நம் பாட்டிமார்களின் கட்டட நகைகளில் 22 காரட் நன்றாக உழைத்ததற்குக் காரணம், அங்கே கல்லைச் சுற்றிப் பொன் முழு விளிம்பாக அணைத்திருந்தது. நான்கு மெல்லிய கால்களை நம்பிக் கல்லைத் தூக்கி நிறுத்தும் முறை வேறு. நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம் 1886இல் ஆறு கால் மோதிரத்தைக் கொண்டுவந்து அதை உலகெங்கும் பரப்பியது. அந்த முறைக்கு விறைப்பான உலோகம் வேண்டும். உங்களுக்கு மாற்றுக் குறைவது மனத்தில் உறுத்தினால் கால்களை இன்னும் தடிமனாக்கி 22இலேயே செய்யச் சொல்லலாம். ஆனால் அம்மாவின் கல்லைப் பாதுகாப்பதுதான் நோக்கம் என்றால் நான் 18ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். ஹால்மார்க் முத்திரையில் 18கே750 என்றும் ஆறு எழுத்து எண் கொண்ட அடையாளக் குறியீடும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அவர் 18 காரட் என்று சொன்னதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.

அடிப்பக்கம் திறந்திருப்பது ஜோசியத்துக்காக மட்டும் அல்ல. பட்டை தீட்டிய, உள்ளே ஒளி ஓடும் கல்லுக்கு அதுதான் நல்லது. அழுக்கும் சோப்பும் தங்கினால் வெந்நீரும் மென்மையான பிரஷும் கொண்டு பின்னாலிருந்து துலக்க முடியும். ஆனால் ஒன்றைப் பத்தரிடம் உறுதியாகச் சொல்லுங்கள்: கல்லின் அடிநுனி, அடி வளையத்துக்குக் கீழே துருத்தக் கூடாது. துருத்தினால் மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைக்கும்போதெல்லாம் நுனி சிதறும். அணிந்திருக்கும்போது விரல் கல்லை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். நுனி வளையத்தோடு சமமாக நின்றால் போதும், விரலின் சதை தானாக மேலெழும்பி அதைத் தொட்டுவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது எங்கள் வீட்டில் நடந்தது. என் தகப்பனார் மறைந்த பிறகு, அம்மாவின் மாணிக்க மோதிரம் விரலுக்கு இறுகிவிட்டது என்று ஒரு கடையில் பெரிதாக்கக் கொடுத்தேன். கல்லைக் கழற்றாமலேயே வெங்காரம் தடவி ஊதியிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது கல்லின் மேல் பாலாடை படிந்ததுபோல ஒரு மங்கல். எவ்வளவு துடைத்தும் போகவில்லை. மாணிக்கத்தையும் நீலக்கல்லையும் சூடான வெங்காரம் அரித்துவிடும் என்பது என் தகப்பனார் பலமுறை சொல்லி எனக்கும் தெரிந்ததுதான். கடையில் அதைச் சொல்லி எச்சரிக்கத் தவறியது என் குற்றம். மறுபடி பட்டை தீட்டி மங்கலை எடுத்தோம், கல் சிறுத்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அந்த மோதிரத்தை மறுபடி அணியவும் இல்லை. உங்கள் கல் எந்த இனமாக இருந்தாலும் நெருப்பு ஆபத்துதான்; டோபாஸாக இருந்தால் திடீர் வெப்பத்தில் விரிசலே விடலாம். எனவே பிற்காலத்தில் மோதிரத்தின் அளவை மாற்ற நேர்ந்தால், கல்லைக் கழற்றிய பிறகே நெருப்பின் அருகில் கொண்டுபோக வேண்டும் என்று எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய மோதிரத்திலிருந்து கல்லைக் கழற்றும் வேலையையும் அந்தப் பெரியவரிடமே கொடுங்கள். நிமிர்ந்த காலை வீட்டில் நீங்களே நெம்பிப் பார்க்க வேண்டாம். அவர் கேட்கும் பத்து நாள் அதிகமில்லை. மோதிரம் கைக்கு வந்ததும் காதருகே வைத்து விரல் நகத்தால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கல் ஆடினால் டிக் என்ற மெல்லிய சத்தம் கேட்கும். பட்டு முந்தானையின் நுனியைக் கால்களின் மேல் நான்கு பக்கமும் இழுத்துப் பாருங்கள். இரண்டிலும் தேறினால் வாங்கி அணிந்துகொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்து ஒருமுறை அவரிடமே கொண்டுபோய்க் கால்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பரிசோதனைச் சீட்டில் உங்கள் கல் எந்தப் புஷ்பராகம் என்று வந்தது என்பதை எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்