கூப்பிட்டு வந்த அந்நியன்

கேள்வி: 1066-ல் நார்மன்கள் பிடித்த பிறகு இங்கிலாந்து மண்ணில் எந்த அந்நியப் படையும் காலூன்றியதே இல்லை என்கிறார்களே, அவ்வளவு வீரமா அவர்களுக்கு?

பதில்: வீரம் இருக்கட்டும், முதலில் 1216-ஐப் பாருங்கள். அந்த மே மாதம் பிரெஞ்சு இளவரசர் லூயி கென்ட் கரையில் இறங்கினார், லண்டன் கதவைத் திறந்து வரவேற்றது, ஸ்காட்லாந்து மன்னர் அலெக்சாண்டர் டோவர் வரை இறங்கி வந்து மரியாதை செலுத்திவிட்டுப் போனார். கூப்பிட்டது யார்? இங்கிலாந்து மன்னர் ஜானிடம், ராஜாவின் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்ட மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை வாங்கிய அதே பிரபுக்கள்தான்! சாசனம் செல்லாது என்று போப்பே அறிவித்ததும் அவர்களுக்கு வேறு ராஜா தேவைப்பட்டது.

அக்டோபரில் ஜான் செத்தார், மகன் ஹென்றிக்கு ஒன்பது வயது. கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் லூயி படையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியோடு டோவரை முற்றுகையிடப் போனார், இன்னொரு பாதி லிங்கன் நகரில் மாட்டிக்கொண்டது. ஊர் அவர்கள் கையில், கோட்டை மட்டும் ராஜா பக்கம் நின்ற, அறுபது தாண்டிய நிக்கோலா டி லா ஹே என்ற அம்மையார் கையில். மீட்க வந்தவர் சிறுவன் ராஜாவுக்காக ஆட்சி நடத்திய வில்லியம் மார்ஷல், அவருக்கோ எழுபது வயது. தலைக்கவசம் போடாமலே குதிரையைத் தட்டிவிட்டவரை ஒரு பையன்தான் நிறுத்தினான் என்று மார்ஷலின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

1217 மே 20. சாமான் வண்டிகளின் மேல் பறந்த உபரிக் கொடிகளையும் சேர்த்து எண்ணிய பிரெஞ்சுக்காரர்கள், எதிரி இரண்டு மடங்கு என்று பயந்து ஊருக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். அங்கேதான் தோற்றார்கள். சந்து பொந்துகளில் குதிரை திரும்ப இடமில்லை, கோட்டைமேலிருந்து வில்லாளிகள் குதிரைகளைப் பார்த்து அடித்தார்கள். தளபதி பெர்ஷ் பிரபுவின் கவசத்தில் கண்ணுக்கு விட்ட இடைவெளி வழியாக ஆயுதம் பாய்ந்தது. பிரபுக்களின் தலைவர் ஃபிட்ஸ்வால்ட்டர் பிடிபட்டார். அப்புறம் ஜெயித்தவர்கள் சும்மா இருந்தார்களா? தேவாலயம் உட்பட ஊரையே கொள்ளையடித்தார்கள், படகில் தப்பப் பார்த்த பெண்களும் குழந்தைகளும் ஆற்றில் மூழ்கினார்கள்.

ஆகஸ்டில் கடலிலும் தோற்ற லூயி செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டுக் கிளம்பினார், கையில் 10,000 மார்க் (அந்தக் காலப் பணக் கணக்கு) வாங்கிக்கொண்டு. அடித்து விரட்டினோம் என்பவர்கள் அந்தத் தொகையையும் சேர்த்துச் சொல்லலாம்.

நிக்கோலாவுக்குக் கிடைத்த பரிசையும் கேளுங்கள். போர் முடிந்த சில நாளிலேயே கோட்டையைப் பிடுங்கிச் சிறுவன் ராஜாவின் சித்தப்பா சாலிஸ்பரி பிரபுவிடம் கொடுத்தார்கள். சில மாதம் முன்புவரை லூயி பக்கம் இருந்தவர் அவர்! அம்மையாரும் விடவில்லை, முறையிட்டு அதே வருஷம் திரும்ப வாங்கிவிட்டார்.